நாரில்லாத பதினான்கு வாரங்கள்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது பிலோமினா சிஸ்டர். ஆபரேஷன் முடிந்து வயிற்றில் பையோடு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, பையில் எவ்வளவு வந்தது, இவ்வளவு எழுதினால் போதும் என்றார். டாக்டர் இதை வைத்துத்தான் முடிவெடுப்பாராம். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பேப்பர் மில் ஆய்வகத்தில் பதிவேடு எழுதுகிறவள். கட்டம் போட்டு எண்ணை மட்டும் எழுதுவது அங்கே சரி. வீட்டில் சும்மா கிடக்கிறவளுக்கு அது காணாது. சிஸ்டர், வாராவாரம் படிக்கப் போகிறவர் நீங்கள்தான். கூடுதலாக இருப்பதைத் தாண்டிப் போய்க்கொள்ளுங்கள்.

விவரம்: கோகிலவாணி, வயது 49. பெருங்குடலின் கடைசியில் இருந்த கட்டியை ஜனவரி 21 அன்று வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தது அதிர்ஷ்டம். அந்தத் தையல் ஆறும்வரை அந்தப் பக்கம் எதுவும் போகக் கூடாது என்பதால், மேலேயே சிறுகுடலைக் கொஞ்சம் வெளியே இழுத்துத் திறந்து பை மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பதினான்கு வாரத்தில், ஏப்ரல் கடைசியில், மூடிவிடுவார்கள். நடுவில் ஏதாவது கோளாறு வந்து மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதானால் பை ஆயுசுக்கும் இருக்கும்படி ஆகலாம். டாக்டர் இதை ஒளிக்காமல் சொன்னார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

பயமெல்லாம் இல்லை.

காலை: இட்லி 2. மதியம்: குழைந்த சாதம், மோர். பை: இரண்டு முறை, கூழ் பதம்.

பிப்ரவரி 5, புதன்

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் சென்னியப்பன், அரவக்குறிச்சிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் செடிமுருங்கை வைத்திருக்கிறார். நான் குளிக்கும்போது நேரத்தை மட்டும் குறித்துவைக்கச் சொன்னேன். ஒன்பது என்று எழுதி, தப்பென்று தெரிந்ததும் பேனாவால் கிறுக்கோ கிறுக்கென்று கிறுக்கி, தாளே கிழிகிற மாதிரி செய்துவைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. தப்பாக எழுதினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, எழுதியவர் முதலெழுத்துப் போட வேண்டும், சரிபார்த்தவரும் போட வேண்டும். இதை அவருக்கு உட்காரவைத்துச் சொன்னேன்.

"தப்பு தெரியக்கூடாதுன்னுதான அடிக்கறது? தெரியற மாதிரி அடிக்கறதுக்கு எதுக்கு அடிக்கோணும்?" என்றார்.

"தப்புப் பண்ணுனா பரவாயில்லைங்க. மறைச்சாத்தான் திருட்டு."

"உங்க மில்லுல எல்லாரும் யோக்கியந்தான், போ" என்று சிரித்துக்கொண்டே அந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் 'செ' என்று போட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சிஸ்டர் கொடுத்த 'சாப்பிடக் கூடாதவை' பட்டியலை ஆடு தின்றுவிட்டது. கட்டிலில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வருவதற்குள் செவலை வந்து முடித்திருந்தது. கீரை, சோளம், தேங்காய், வாழைத்தண்டு, கொத்தவரை, முருங்கைக்காய் என்று எனக்கு ஆகாத அத்தனையும் எழுதியிருந்த தாள். அதற்கு ஆகிறது.

அவருக்கு இது பெரிய சந்தேகம். "அதுக்குச் செரிக்கறது நமக்கு ஏன் செரிக்கல?"

சொன்னேன். செடியின் உடம்பைத் தூக்கி நிறுத்துவது செல்லுலோஸ் என்கிற சமாச்சாரம். நமக்கு எலும்பு எப்படியோ, அதற்கு அது. சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்தது. சோற்றிலும் அதே சர்க்கரைதான். கோத்த முடிச்சு மட்டும் வேறு. சோற்றின் முடிச்சை அவிழ்க்க நம் வயிற்றுக்குத் தெரியும், வைக்கோலின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. ஆட்டுக்கும் மாட்டுக்குமே தெரியாது. அவற்றின் வயிற்றில் குடியிருக்கிற கிருமிகளுக்குத் தெரியும்.

"அப்ப வெக்கப்போரும் சோறும் ஒண்ணு?"

"சர்க்கரைக் கணக்குல ஒண்ணுதான்."

"இத்தன வருசமா இதச் சொல்லாமப் போயிட்டியே. பொங்கல் அன்னிக்கு எனக்கொரு கட்டு, மாட்டுக்கொரு கட்டுன்னு போட்டிருக்கலாம்."

நல்ல உடம்புக்காரர்களுக்கு இந்தச் செரிக்காத நார்தான் குடலைக் கூட்டிப் பெருக்குவது, அது இல்லாவிட்டால் மலச்சிக்கல். எனக்கு இப்போது சிறுகுடல் வாய் குறுகி வீங்கி இருப்பதால் ஒரு நார் குறுக்கே சிக்கினாலும் வம்பு. ஆகவே அவர் கேரட்டைத் தோல் சீவி, வேகவைத்து, மசித்து, அதையும் வேட்டித் துணியில் பிழிந்து கொடுக்கிறார். வெறும் ஆரஞ்சுத் தண்ணீர். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவர் அடுப்பு பற்றவைத்து நான் பார்த்ததில்லை. நன்றாகவே பிழிகிறார்.

பிப்ரவரி 20, வியாழன்

தஸ்தகீர் வந்திருந்தார். ஆய்வகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர், பள்ளப்பட்டி. அவர் வீட்டம்மா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதை நான் போனில் சொன்ன பட்டியலோடு ஒத்துப்பார்த்து, மிளகைக்கூட விடாமல் வடிகட்டச் சொன்னாராம்.

"புது சல்லடைல வடிகட்டுனது மேடம். எம்பது மெஷ். நம்ம ஸ்டோர்ல இருந்து கையெழுத்துப் போட்டு எடுத்தேன்."

காகிதக் கூழில் கலந்த தூசைச் சலிக்கிற, அங்குலத்துக்கு எண்பது கண் உள்ள சல்லடையில் எனக்கு சூப். ருசியாக இருந்தது. ஒரு நார் இல்லை, ஒரு துகள் இல்லை.

அவர் போனபின் படுத்துக்கொண்டு யோசித்தேன். விரிப்பு பருத்தி. காயத்தில் வைக்கிற துணியும் பருத்தி. போட்டிருக்கிற நைட்டி ரேயான், அது மரக்கூழிலிருந்து இழுத்த நூல். எழுதுகிற தாள் கரும்புச்சக்கை, எங்கள் மில்லிலேயே ஓடியதாகக்கூட இருக்கும். விழுங்குகிற மாத்திரையைக் கெட்டியாகப் பிடித்திருப்பது மரக்கூழ்த் தூள். பையைத் தோலோடு ஒட்டிவைத்திருக்கும் பசையிலும் ஒரு பங்கு அதுதான். எல்லாம் ஒரே சரக்கு. என்னைச் சுற்றி நின்று காவல் காக்கிறது, வாய்க்குள் மட்டும் வரக் கூடாது. இந்தச் சரக்கை வைத்து இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் அதற்கு நன்றி சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பையை இதுவரை அவர் கண்ணில் காட்டியதில்லை. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு நானே மாற்றுவேன். ஒரு வாரமாகப் பையைத் தோலில் ஒட்டுகிற தட்டு நிற்கவே இல்லை, மூன்று மணி நேரத்தில் ஓரம் கிளம்பிவிடுகிறது. தோல் வெந்து சிவந்துவிட்டது. இன்று காலை சமையற்கட்டில் நின்றுகொண்டிருக்கும்போதே கழன்று சேலையெல்லாம் நனைந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் வந்தார். வெந்நீர் கொண்டுவந்து துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தார். அப்புறம் புதுத் தட்டை எடுத்து நான் ஒட்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு அம்மிணி. சொட்டுநீர்ப் பைப்பு ஒட்டறப்ப ஈரம் இருந்தா நிக்குமா? மொதல்ல காயட்டும்."

விசிறி எடுத்து என் வயிற்றுக்கு வீசினார். பத்து நிமிஷம். தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றினார். ஒட்டியபின் மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கசியாத இணைப்புப் போடுவதில் எங்கள் ஊரில் அவரை அடிக்க ஆளில்லை. எனக்கு அது இத்தனை நாள் தோன்றவில்லை.

இரவு 9: கசிவு இல்லை.

மார்ச் 6, வியாழன்

நாலு நாளாகக் கசிவு இல்லை. இணைப்பு போட்டவருக்கு நன்றி.

மார்ச் 14, வெள்ளி

முருங்கை இறங்க ஆரம்பித்துவிட்டது. வாசலில் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்து, வண்டி வந்ததும் ஏற்றிவிடுகிறார். வீட்டுக்கு ஒரு காய் எடுப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ முருங்கைக்காய்க் குழம்பு கொதிக்கவிட்ட வாசம் வந்தது. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"உங்களுக்காவது ரெண்டு போட்டு வெச்சுக்கோங்க. நான் பாத்துட்டிருக்கறதுல ஒண்ணுமில்ல."

"எனக்கு அது சலிச்சுப்போச்சு. வருசம் பூரா அதும் மூஞ்சிலதான முழிக்கறேன்."

சாப்பிட உட்கார்ந்தால் முதலில் முருங்கைக்காயைத் தேடுகிறவர் இவர்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றோடு எட்டு வாரம். அவர் காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருக்கிறார்.

காலை: இட்லி 3. மதியம்: குழைந்த சாதம், தயிர். வேறொன்றுமில்லை.

ஆப்ப சோடா தீர்ந்துவிட்டது, வாங்கிவரச் சொல்ல வேண்டும். குக்கர் வாஷரும் மாற்ற வேண்டும். எட்டாவது விசிலுக்குள் ஓரத்தில் ஆவி கசிகிறது.

மார்ச் 19, புதன்

காலை 6: பையில் ஒன்றுமில்லை.

8: ஒன்றுமில்லை. வெந்நீர் குடித்தேன். வயிறு இழுத்துப் பிடிக்கிறது.

10: ஒன்றுமில்லை. வாந்தி.

மார்ச் 21, வெள்ளி. ஆஸ்பத்திரி

இதை சிஸ்டருக்காக மட்டும் எழுதவில்லை. பதிவேட்டுக்காக எழுதுகிறேன்.

புதன்கிழமை மதியம் அவர் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். பைக்குக் கொஞ்சம் முன்னால் சிறுகுடல் அடைத்திருக்கிறது, அடைப்புக்கு மேலே எல்லாம் உப்பியிருக்கிறது. டாக்டர் இந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினெட்டாம் தேதியில் விரலை வைத்து நின்றார்.

"இவ்வளவு ஒழுங்கா எழுதுற பேஷன்ட்ட நான் பாத்ததில்ல. சாப்பாட்டால வந்த அடைப்பா இருந்தா இதுல தெரிஞ்சிருக்கும். அப்ப உள்ள குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருக்கணும். திறந்து பாத்துடலாம். சாயங்காலம் தியேட்டர் காலியாத்தான் இருக்கு."

என் அழகான கையெழுத்து என்னைக் கத்திக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் போதும். திறக்க முடியவில்லை. ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள் என்று மில்லில் எனக்கொரு பெயர் உண்டு, அந்தப் பெயர் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த இவர் பேசினார்.

"நான்தானுங்க டாக்டர். நான்தான் முருங்கக்கா குடுத்தேன். ரெண்டு காய். அத அவ எழுதல."

டாக்டருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "எத்தன தடவ சொல்லிருப்பேன்? தமாஷா இது?" என்று அவ்வளவு பேர் முன்னாலும் திட்டினார். இவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, "தப்புத்தானுங்க" என்று நின்றார். பஞ்சாயத்தில்கூட இவர் அப்படி நின்றதில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

"அவர் குடுக்கலைங்க டாக்டர். அவர் ஊர்லயே இல்ல. நானே சமைச்சு நானே தின்னேன்."

என்ன செய்தேன் என்பதை இங்கேயும் எழுதுகிறேன். மில்லில் கரும்புச்சக்கையைக் காஸ்டிக் சோடாவில் போட்டு, பெரிய கொப்பரையில் அழுத்தத்தில் வேகவைப்போம். கட்டை மாதிரி இருப்பது பஞ்சாகி வந்துவிடும். அதை ஆயிரம் முறை பார்த்தவளுக்கு, சமையற்கட்டில் குக்கரும் ஆப்ப சோடாவும் இருக்கும்போது, முருங்கைக்காயை மட்டும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று தோன்றியது. வாசலில் ஏற்றாமல் மிச்சமிருந்த முருங்கைக் கட்டு ஒன்றிலிருந்து இரண்டு காய் உருவினேன். சோடா போட்டு எட்டு விசில். சக்கை என்று துப்பவே ஒன்றுமில்லை, தோலோடு மசிந்துவிட்டது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது. நெய்யும் உப்பும் போட்டு ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு ருசி.

முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் எனக்கு மறந்துவிட்டது. சோடா நாரை நாரோடு ஒட்டிவைத்திருக்கும் பிசினைத்தான் கரைக்கும். செல்லுலோஸைத் தொடாது. தொட்டால் உலகத்தில் காகிதமே கிடையாது. நான் நாரை ஒழிக்கவில்லை. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தோதாக ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டிருக்கிறேன்.

டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, "தோலோடயா?" என்றார்.

"தோலோடங்க."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்ப கத்தி வேண்டாம். பிலோமினாவக் கூப்பிடுங்க."

சிஸ்டர், மீதி நீங்கள் செய்ததுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்து, மெல்லிய குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக இளஞ்சூட்டு உப்புநீர் விட்டீர்கள். இரண்டு மணி நேரம் உங்கள் கை என் வயிற்றை விட்டு விலகவில்லை. நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, "வந்துருச்சு மேடம், வந்துருச்சு" என்று பிரசவம் பார்த்தவர் மாதிரி சொன்னீர்கள். நான் எட்டிப் பார்த்தேன். பச்சையும் சாம்பலுமாக, மடிந்து, நெய்த மாதிரி பின்னிய ஒரு தகடு. தெரியாத பொருளா? மில்லில் கூழிலிருந்து தண்ணீர் வடிந்ததும் கம்பிவலை மேல் நிற்பது அதுதான். என் வயிற்றுக்குள் ஒரு தாள் போட்டிருக்கிறேன்.

சமைத்தது ஆசையால். மறைத்தது கர்வத்தால். இரண்டையும் ஒரே நாளில் செய்தேன்.

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நேற்றுக் கேட்டேன்.

"கட்டுக்கு இருவது காய். அதுல பதினெட்டுத்தான் இருந்துச்சு. சோடா டப்பா காலி."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல?"

"ரெண்டு மாசமா தண்ணியவே குடிச்சுட்டுக் கெடக்கறே. ஆச தீர நீ தின்னிருப்பேன்னு நெனச்சேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "கேட்டிருக்கோணும்" என்றும் சொன்னார்.

பதினெட்டாம் தேதிப் பக்கத்தில் 'வேறொன்றுமில்லை' என்பதன் மேல் ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் எழுதியது: முருங்கைக்காய் 2, தோலுடன், ஆப்ப சோடாவில் எட்டு விசில். கோ. சரிபார்த்தவர் இடத்தில் சிஸ்டர் 'பி' என்று போட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. தஸ்தகீர் போன் செய்தார். அவரிடம் மறைக்கவில்லை, முழுவதும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"மேடம், தாள் எத்தன ஜிஎஸ்எம் இருக்கும்?" என்றார்.

சிரித்த சிரிப்பில் தட்டு கழன்றுவிடும் போலிருந்தது. இவர் ஓடிவந்து என்னவென்று கேட்டார். தாளின் கனம் கேட்கிறார் என்று விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மருந்து ஏற்றி உள்தையலைப் படம் எடுத்தார்கள். கசிவு இல்லை. மார்ச்சில் அந்தப் புதன்கிழமை அவசரப்பட்டுத் திறந்திருந்தால் மூடுகிற தேதியே வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஏப்ரல் 29 மூடலாம்.

"யார் தச்சதுங்க?" என்று இவர் கேட்டார். "நான்தான்" என்றார் டாக்டர். "நல்ல இணைப்புங்க" என்றார் இவர். அந்தப் பாராட்டின் கனம் டாக்டருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 28, திங்கள். ஆஸ்பத்திரி

நாளை காலை எட்டரை மணிக்கு. இன்று வெறும் நீராகாரம். நாளையும் மறுநாளும் என்னால் எழுத முடியாது. பதிவேட்டில் ஒரு நாள் வெற்றாக விடக்கூடாது, நேரத்தையாவது குறித்துவையுங்கள் என்று நோட்டை இவரிடம் கொடுத்தேன். பேனாவையும் சட்டைப் பையில் நானே மாட்டிவிட்டேன்.

"ஒரே கோடு, மறந்துராதீங்க."

"மறக்கமாட்டேன் போ."

மே 3, சனி. ஆஸ்பத்திரி

மூடிவிட்டார்கள். பை இல்லை. இருந்த இடத்தில் ஒரு கட்டு. கை பழக்கத்தில் அங்கேயே போய்த் தடவிப் பார்க்கிறது. நேற்று மாலை, எல்லோருக்கும் போகிற வழியில் எனக்கும் போயிற்று. இதை எழுத வெட்கமில்லை. பதினான்கு வாரம் அடைத்துவைத்த வாய்க்காலில் தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது, சிஸ்டர் கைதட்டினார். கட்டி இருந்த இடம் சுத்தம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். யாருக்கென்று தனித்தனியாக நன்றி சொல்வது?

நோட்டை இன்றுதான் திரும்ப வாங்கினேன். 29-ம் தேதிப் பக்கம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், எழுத்து வரிசையில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது. அப்படியே சொல்கிறேன்.

8.30 உள்ள கூட்டிட்டு போனாங்க. 9.15 ஒண்ணும் சொல்லல. 10 ஒண்ணும் சொல்லல. 10.40 ஒண்ணும் சொல்லல. 11.20 முடிஞ்சுதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. 11.25 உட்கார்ந்தேன்.

அதில் பத்து மணிக்குப் பக்கத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. ஒரே கோடு, சுத்தமாக, ஸ்கேல் வைத்த மாதிரி. மேலே 'டீ குடிச்சேன்' என்று எழுதி 'செ' என்று போட்டிருக்கிறார். கோட்டுக்கு அடியில் இருப்பதை நன்றாகப் படிக்க முடிகிறது.

'பயமா இருக்குது.'

சரிபார்த்தவர் இடம் காலியாக இருந்தது. அந்தத் திருத்தத்துக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. சிஸ்டரிடம் விசாரித்துவிட்டேன், பதினொன்றரை வரைக்கும் இவர் தியேட்டர் கதவை விட்டு நகரவில்லை, டீயும் குடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆறு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நார் சேர்த்துவந்தோம். முதலில் தோல் சீவிய பீர்க்கங்காய், பிறகு அரைக்கீரை, போன வாரம் தேங்காய்ச் சட்னி. வெள்ளிக்கிழமை டாக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்றார். நோட்டையும் நிறுத்திவிடலாமாம். "முருங்கக்கா?" என்று இவர்தான் கேட்டார். "மென்னு துப்பணும். சோடா கூடாது" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து.

இன்று காலை தோட்டத்துக்குப் போய் பிஞ்சும் முற்றலும் இல்லாத காயாகப் பார்த்து ஆறு பறித்துவந்தார். நானே குழம்பு வைத்தேன். தஸ்தகீரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவர் தனக்கென்று ஒரு காலித் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு, சக்கையை எல்லாம் இதில் போடுங்கள், நாளை ஆய்வகத்தில் கூழாக்கி ஒரு தாள் போட்டு அனுப்புகிறேன் என்றார். சக்கைக்குச் செவலையும் வாசலில் காத்திருந்தது.

ஒரு துண்டை வாயில் வைத்துப் பிளந்து உறிஞ்சினேன். நார் பல்லில் மாட்டியது. அந்த நாரை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், எடுத்துவிட மனம் வரவில்லை. எதிரே இவர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஜனவரியிலிருந்து தொடாதவர். எட்டு துண்டு, ஒன்பது துண்டு என்று தட்டு ஓரத்தில் சக்கை ஏறிக்கொண்டே போனது.

"சலிச்சுப்போச்சுன்னீங்க" என்றேன்.

"ஆமா" என்றார், பத்தாவதை எடுத்துக்கொண்டே.

தஸ்தகீர் போனபின் நோட்டை எடுத்தேன். மூடிவைக்குமுன் ஒரு திருத்தம் பாக்கி இருந்தது. பிப்ரவரி 3-ம் தேதிப் பக்கத்துக்குப் போனேன். 'பயமெல்லாம் இல்லை' என்ற வரி மேல் ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் 'இருந்தது' என்று எழுதி, 'கோ' போட்டு, நோட்டை இவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கோட்டுக்கு அடியில் இருப்பதையும் மேலே இருப்பதையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். பேனாவை வாங்கிச் சரிபார்த்தவர் இடத்தில் 'செ' என்று போட்டார். பிறகு தானே பக்கங்களைத் தள்ளி, ஏப்ரல் 29-க்குப் போய், 'டீ குடிச்சேன்' என்பதன் மேல் ஒரே கோடு போட்டார்.